பெய்ஜிங்கில் ஒரு செமஸ்டர்

பெய்ஜிங் நகரின் வடமேற்கே, ஹாய்தியன் வட்டாரத்தில் பல்கலைக்கழகங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அவற்றுள் ஒன்று பெய்ஜிங் மொழி, பண்பாட்டுப் பல்கலைக்கழகம். அயல்நாட்டாருக்குச் சீன மொழி கற்பிப்பதற்கென்றே 1962இல் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. எல்லாக் கண்டங்களிலிருந்தும் மாணவர்கள் வந்து சேர்வதால் ‘குட்டி ஐ.நா.’ என்று சீனர்களே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கல்லூரிப் படிப்பின் நடுவே நான்கைந்து மாதங்களை ஒதுக்கி, சீனாவில் தங்கி மொழியும் பண்பாடும் கற்க வரும் இளைஞர்கள் இதுபோன்ற வளாகங்களில்தான் வந்து இறங்குகிறார்கள். இவர்கள் பட்டம் வாங்க வருவதில்லை. ‘மொழி மாணவர்’ என்ற பிரிவில் சேர்ந்து, பருவ முடிவில் மதிப்பெண் பட்டியலைப் பெற்றுத் தம் கல்லூரிக்குத் திரும்புகிறார்கள். அந்தக் கல்லூரி ஒப்புக்கொண்டால் அது கிரெடிட் கணக்கில் ஏறும்.

சீனாவில் கல்வியாண்டு செப்டம்பர் தொடக்கத்தில் ஆரம்பமாகிறது. முதல் பருவம் ஜனவரியில் முடியும். சீனப் புத்தாண்டு விடுமுறை கழிந்து, பிப்ரவரி இறுதியிலோ மார்ச் தொடக்கத்திலோ இரண்டாம் பருவம் தொடங்கிக் கோடை வரை நடக்கும். முதன்முறை போகிறவர்களுக்கு இலையுதிர்காலப் பருவமே ஏற்றது. செப்டம்பர், அக்டோபரில் பெய்ஜிங்கின் வானம் தெளிந்திருக்கும். நடு இலையுதிர்கால விழாவும் அக்டோபர் 1இல் தொடங்கும் தேசிய நாள் விடுமுறையும் அந்தப் பருவத்தில்தான் வருகின்றன. குளிர் பிறகு வரும். நவம்பர் 15 அன்று நகரம் முழுவதும் கட்டடங்களுக்கு வெந்நீர்க் குழாய் வழியாக வெப்பம் விடுவது நடைமுறை. அதற்கு முந்தைய இரண்டு வாரங்களைத்தான், வெப்ப நாட்டிலிருந்து வந்தவர்கள் மறக்கவே மாட்டார்கள்.

மொழிக்காக அயல்நாட்டில் அரையாண்டு தங்குவது சீனர்களுக்கும் புதிதல்ல. இந்தியாவுக்குப் புறப்பட்ட யீஜிங் என்ற பௌத்தத் துறவி 671இல் ஸ்ரீவிஜயத்தில் இறங்கி, ஆறு மாதம் சமஸ்கிருத இலக்கணம் படித்த பிறகே பயணத்தைத் தொடர்ந்தார். மக்கள் சீனக் குடியரசு அமைந்தபின், எதிர்த்திசைப் போக்குவரத்து 1950இல் தொடங்கியது. அந்த ஆண்டு சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் கிழக்கு ஐரோப்பிய மாணவர்களுக்கெனச் சீன மொழி வகுப்பு ஒன்று அமைக்கப்பட்டது. அமெரிக்க மாணவர்களுக்கு அப்போது சீனப் பெருநிலத்தின் கதவு மூடியிருந்ததால் அவர்கள் தைவானுக்குப் போனார்கள். தைபேயில் தேசியத் தைவான் நார்மல் பல்கலைக்கழகத்தின் மாண்டரின் பயிற்சி மையம் 1956இல் பிறந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல சேர்ந்து நடத்தும் உயர்நிலைப் பயிற்சித் திட்டம் 1963இல் அதே நகரில் தொடங்கி, 1997இல் சிங்ஹுவாவுக்கு இடம்பெயர்ந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 1993 முதல் பெய்ஜிங்கில் கோடைகால வகுப்பு நடத்திவருகிறது.

பிறகு கொரோனா வந்தது. 2018–19 கல்வியாண்டில் 11,000க்கும் மேற்பட்ட அமெரிக்க மாணவர்கள் சீனாவில் படித்தார்கள். 2021–22இல் அந்த எண்ணிக்கை சில நூறுக்குச் சரிந்தது. ஹார்வர்டு தன் பெய்ஜிங் கோடை வகுப்பை 2022இல் தைபேக்கு மாற்றியது. 2022 ஆகஸ்டில் சீனா மாணவர் விசாவை மீண்டும் வழங்கத் தொடங்கியது. 2023 ஜனவரியில் எல்லைகள் திறந்தன. ஆனாலும் பழைய கூட்டம் உடனே திரும்பிவிடவில்லை. மூன்றாண்டு இடைவெளியில் ஒரு தலைமுறைக் கல்லூரி மாணவர்களுக்கு அந்த வாய்ப்பு கிட்டாமலே போய்விட்டது என்பது வருத்தத்துக்குரியது. நாடுகளுக்கு இடையே உறவு சீர்கெடும் காலத்தில்தான் ஒருவர் மொழியை மற்றவர் படித்தவர்கள் அதிகம் தேவைப்படுகிறார்கள்.

ஒரு செமஸ்டரில் சீனம் வந்துவிடுமா? முழுவதும் வராது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசுபவர் மாண்டரினில் தொழில் நடத்தும் அளவுக்குத் தேறுவதற்கு 2,200 வகுப்பு மணிநேரம் வேண்டும் என்று கணக்கிடுகிறது. ஸ்பானியத்துக்கும் பிரெஞ்சுக்கும் ஆகும் நேரத்தைப் போல இது ஏறத்தாழ மூன்று மடங்கு. வாரத்துக்கு 20 மணிநேரம் என்று 16 வாரம் படித்தால் கிடைப்பது 320 மணிநேரம், அதாவது தேவையில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. மீதி நேரம் வகுப்புக்கு வெளியே கிடைத்தாக வேண்டும். மாணவர் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி வகுப்புக்கு வெளியேதான் கழிகிறது. அந்த நேரம் எந்த மொழியில் கழிகிறது என்பதைப் பொறுத்தே ஒரு செமஸ்டரின் பலன் அமையும். திட்டத்தைத் தேர்ந்தெடுப்பவர் கட்டணத்தையும் தரவரிசையையும் பார்ப்பதற்கு முன்னால் இதைத்தான் பார்க்க வேண்டும்.

முதல் வாரம் தரம்பிரிக்கும் தேர்வு. கொஞ்சம் எழுதி, கொஞ்சம் வாசித்து, ஆசிரியர் முன் உட்கார்ந்து பேசிக் காட்ட வேண்டும். ஊரில் இரண்டு ஆண்டு படித்தவர் பலர் தாம் எதிர்பார்த்ததைவிட ஒரு படி கீழே உள்ள வகுப்பில் போடப்படுவார்கள். காரணம் பெரும்பாலும் காதுதான். வாசிக்கத் தெரியும் சொல்லே வேகமாகப் பேசும்போது பிடிபடாது. வகுப்புகள் காலை 8 மணிக்குத் தொடங்கி நண்பகலில் முடியும். இலக்கணமும் பாடநூலும் சேர்ந்த பொதுப் பாடம் ஒன்று, அதைச் சுற்றிப் பேச்சு, கேட்டல், வாசிப்பு, எழுத்து. ஏறக்குறைய எல்லா நாளும் வகுப்பு சொல் எழுதுதலோடு ஆரம்பமாகும். ஆசிரியர் சொல்லச் சொல்ல, முந்தின இரவு படித்த சொற்களை எழுத்துப் பிசகாமல் எழுத வேண்டும். மதிய உணவுக்குப் பிறகு வளாகம் அடங்கிக் கிடக்கும். சீனர்கள் நண்பகல் தூக்கத்தை விட்டுக்கொடுப்பதில்லை.

தொனிகளைப் பற்றித்தான் எல்லோரும் பயமுறுத்துவார்கள். புதோங்ஹுவா எனப்படும் பொதுச் சீனத்தில் நான்கு தொனிகள் உண்டு. அழுத்தமில்லாத இலேசான தொனி ஒன்று தனி. தொனியை விட்டுவிட்டுப் பார்த்தால் அந்த மொழியில் இருப்பவை சுமார் 400 அசைகளே. இவ்வளவு சிறிய அசைத் தொகுதியில் ஒரு நாகரிகத்தின் சொற்களெல்லாம் அடங்கியிருக்கின்றன என்றால், பொருளைப் பிரித்துக் காட்டும் வேலையில் பாதியைத் தொனிதான் செய்கிறது. ‘மாய்’ என்பதைக் குரலைத் தாழ்த்தி எழுப்பிச் சொன்னால் வாங்குவது. மேலிருந்து சட்டென்று இறக்கிச் சொன்னால் விற்பது. இரண்டு தாழ்தொனிகள் அடுத்தடுத்து வந்தால் முதலாவது ஏறுதொனியாக மாறிவிடும் என்பது போன்ற விதிகளும் உண்டு. எல்லோரும் முதலில் கற்கும் ‘நீ ஹாவ்’ என்ற முகமனிலேயே இந்த விதி ஒளிந்திருக்கிறது. புத்தகத்தில் இவற்றைப் படிப்பது சுலபம். ஆனால் தொனி காதில் பதிவதற்கு, பேருந்து அறிவிப்பும் பழக்கடைக்காரர் குரலும் பக்கத்து அறைச் சண்டையும் வாரக்கணக்கில் காதில் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். சீன மண்ணில் தங்குவதன் முதல் பயன் இதுதான்.

தமிழ் பேசுபவருக்குச் சில இடங்களில் பாதை எளிது, சில இடங்களில் கடினம். ‘மனிதன்’ எனப் பொருள்படும் ‘ரென்’ என்ற சொல்லின் முதல் ஒலி நாக்கை மடித்துச் சொல்லும் நம் ழகரத்துக்கு மிக நெருக்கமானது. ஐரோப்பியர் திணறும் இடத்தில் தமிழர் கடந்துவிடலாம். ஆனால் சீனத்தில் பகரம் இரண்டு. ஒன்று ‘பால்’ என்பதில் வருவது போன்றது. மற்றது அதே ஒலியை மூச்சை உந்திச் சொல்வது; வாய்க்கு முன் காகிதத்தைப் பிடித்தால் அது அசைய வேண்டும். தகரத்திலும் ககரத்திலும் இதே இரட்டை. தமிழில் இந்த வேறுபாடு இல்லாததால் இங்கே தனிப் பயிற்சி வேண்டும்.

இலக்கணத்தில் எதிர்பாராத உறவுகள் உள்ளன. சீன வினைச்சொல் காலத்துக்கோ இடத்துக்கோ ஏற்ப உருமாறாது. வாக்கியத்தில் வினை நடுவில் வரும், அது நமக்கு அந்நியம். ஆனால் ‘நேற்று வாங்கிய புத்தகம்’ என்ற தொடரைச் சீனர் ஏறத்தாழ அதே வரிசையில்தான் சொல்வார்: நேற்று, வாங்கு, ‘த’ என்ற இடைச்சொல், புத்தகம். ஆங்கிலம் வழியாக யோசித்தால் இதைத் தலைகீழாகத் திருப்ப வேண்டியிருக்கும். தமிழிலிருந்து நேரே போனால் திருப்பவே வேண்டாம். ஆகவே தமிழ் மாணவர் சீனத்தை ஆங்கிலப் பாடநூலின் விளக்கத்தோடு மட்டும் நிறுத்திக்கொள்ளாமல் தம் தாய்மொழியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. உறவுமுறையும் அப்படியே. அண்ணன், தம்பி, அக்கா, தங்கை என்ற நான்குக்கும் சீனத்தில் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. விடுதிக் காப்பாளரையும் காய்கறிக் கடைக்காரரையும் வயதுக்கேற்ப அத்தை, மாமா முறையில் அழைப்பதுதான் மரியாதை. அயலாரை முறை வைத்துக் கூப்பிட்டு வளர்ந்தவருக்கு இது ஒரு நாளில் பழகிவிடும்.

எழுத்துதான் பெரிய மலை. அன்றாடப் பயன்பாட்டுக்கான எழுத்துகள் என்று சீன அரசு வரையறுத்த முதல் பட்டியலில் 3,500 உள்ளன. ஆனால் ஒவ்வொன்றையும் தனிப் படமாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பெரும்பாலான எழுத்துகள் இரண்டு பகுதிகளால் ஆனவை: ஒன்று பொருளின் இனத்தைக் காட்டும், மற்றொன்று ஒலியைச் சுட்டும். ‘சிங்’ என்று ஒலிக்கும் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு இடப்பக்கம் நீர்க்குறியைச் சேர்த்தால் ‘தெளிவு’. ஞாயிற்றுக்குறியைச் சேர்த்தால் ‘மேகமற்ற வானம்’. நெஞ்சுக்குறியைச் சேர்த்தால் ‘உணர்ச்சி’. பேச்சுக்குறியைச் சேர்த்தால் ‘தயவுசெய்து’. தொனி மட்டும் கொஞ்சம் மாறும். சில நூறு எழுத்துகளுக்குப் பிறகு இந்த அமைப்பு கண்ணுக்குப் புலப்படத் தொடங்கும்போது வேகம் கூடுகிறது. பெருநிலச் சீனாவில் 1950களில் தொடங்கிச் சுருக்கப்பட்ட எழுத்துகள் வழங்குகின்றன. தைவானில் பழைய முழு வடிவம். கையால் எழுதுவதற்கு எவ்வளவு நேரம் செலவிடுவது என்பது ஆசிரியர்களிடையே இன்றும் விவாதம். ரோமன் எழுத்தில் தட்டினால் கைப்பேசியே சீன எழுத்தைக் காட்டிவிடுகிறது; பேனாவை எடுத்தால் எழுத்து மறந்துபோகிறது என்று சீனர்களே வருந்துகிறார்கள். 2021இல் வெளியான புதிய சீன மொழித் தர அளவுகோல், அடையாளம் காண 3,000 எழுத்துகளையும் கையால் எழுத 1,200 எழுத்துகளையும் மட்டுமே கேட்பது இந்த நடைமுறையை ஏற்றுக்கொண்டதன் அடையாளம்.

வகுப்புக்கு வெளியே உள்ள நேரத்தைச் சீனமாக்குவதற்கு நல்ல திட்டங்கள் கையாளும் கருவி ‘மொழி உறுதிமொழி’. குறிப்பிட்ட நாளிலிருந்து சீனம் தவிர வேறு மொழி பேசமாட்டேன் என்று மாணவர் கையெழுத்திடுகிறார். பிரின்ஸ்டனின் பெய்ஜிங் வகுப்பு இந்தக் கண்டிப்புக்குப் பேர்போனது. எட்டு வாரத்தில் ஓராண்டுப் பாடத்தை முடிக்கிறது. சிங்ஹுவாவில் உள்ள கூட்டுத் திட்டத்தில் வகுப்புகள் மிகச் சிறியவை. ஆசிரியரோடு தனியே அமரும் பாடமும் உண்டு. முதல் இரண்டு வாரம் இந்த உறுதிமொழி கொடுமையாகத் தோன்றும். நகைச்சுவை சொல்ல முடியாது, கோபப்பட முடியாது, பசிக்கிறது என்பதைக்கூடக் குழந்தையைப் போலச் சொல்ல வேண்டியிருக்கும். அதைத் தாங்கிக் கடந்தவர்களின் நாக்கு மூன்றாம் மாதம் திறந்துகொள்கிறது. இந்தக் கட்டுப்பாடு இல்லாத இடங்களில் அயல்நாட்டு மாணவர் தனி விடுதியில், ஆங்கிலம் பேசும் நண்பர்களோடு, செமஸ்டர் முழுவதும் சீனாவுக்குள் நுழையாமலே இருந்துவிட முடியும். சீன அறைத்தோழர், மொழி மாற்றுத் துணை ஆகிய ஏற்பாடுகள் உண்டா என்று கேட்பது அதனால்தான் அவசியம். மொழி மாற்றுத் துணை என்பது எளிய ஒப்பந்தம்: சீன மாணவர் ஒரு மணிநேரம் ஆங்கிலம் பழகுவார், மற்றவர் ஒரு மணிநேரம் சீனம் பழகுவார்.

நகரத் தேர்வும் பலனைப் பாதிக்கும். பெய்ஜிங்கில் நிறுவனங்கள் அதிகம், நூலகங்கள் பெரியவை. ஆனால் சொல்லின் கடைசியில் ரகரத்தைச் சுருட்டிப் பேசும் உள்ளூர்ப் பேச்சு ஆரம்பத்தில் குழப்பும். வடகிழக்கே ஹார்பினில் உச்சரிப்பு பொதுச் சீனத்துக்கு நெருக்கம், ஆங்கிலம் குறைவு, ஆனால் குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்கு 20 பாகைக்கும் கீழே போகும். தென்மேற்கே குன்மிங் ஆண்டு முழுவதும் இதமானது. அங்குள்ள முதியவர்களின் பேச்சைப் பாடநூலில் தேடினால் கிடைக்காது.

பண்பாட்டு வகுப்புகள் பெரும்பாலும் பிற்பகலில் நடக்கும். தூரிகை எழுத்து, மை ஓவியம், தேநீர், காகித வெட்டு, இரண்டு நரம்புகள் கொண்ட அர்ஹு இசைக்கருவி. தாய்ச்சி வகுப்பில் கற்பிப்பது அநேகமாக 1956இல் வகுக்கப்பட்ட 24 அசைவுகள் கொண்ட சுருக்க முறை. தூரிகை எழுத்து மற்றவற்றைவிட மதிப்புமிக்கது. கோடுகளை எந்த வரிசையில், எந்தத் திசையில் இழுக்க வேண்டும் என்பது கையில் பதிந்தால் எழுத்து நினைவில் தங்கும். கிறுக்கலாக எழுதிய சீனத்தை வாசிக்கவும் அது உதவும். ஆனால் உண்மையான பண்பாட்டு வகுப்பு பூங்காக்களில் நடக்கிறது. பெய்ஜிங்கின் தியந்தான் போன்ற பூங்காக்களில் விடிந்ததும் ஓய்வுபெற்றவர்கள் கூடுகிறார்கள். சிலர் கூட்டாக ஆடுகிறார்கள், சிலர் சீட்டாடுகிறார்கள், சிலர் நீளத் தூரிகையைத் தண்ணீரில் தோய்த்துக் கல்தரையில் எழுதுகிறார்கள். வெயிலில் அது உலர்ந்துபோகும். இவர்களுக்கு நேரமும் பொறுமையும் உண்டு. அயல்நாட்டு மாணவர் நின்று பார்த்தால், எந்த ஊர், வயது என்ன, பெற்றோர் என்ன வேலை என்று கேள்வி தொடங்கிவிடும். வகுப்பில் வாரம் முழுவதும் பழகியது அங்கே அரைமணியில் சோதிக்கப்படும்.

உணவு வளாகத்தில் மலிவு. அட்டையைத் தட்டிவிட்டு மன்தோவ் என்ற ஆவியில் வேகவைத்த ரொட்டி, தக்காளி–முட்டை வதக்கல், நூடுல்ஸ் என்று எடுத்துக்கொள்ளலாம். சைவர்களுக்குத்தான் சிரமம். கத்திரிக்காயிலும் மாபோ தோஃபுவிலும்கூடக் கொத்திய இறைச்சி கலந்திருக்கும். இறைச்சி வேண்டாம் என்றால் துண்டுகள் மட்டும்தான் வேண்டாம் என்று சமையல்காரர் எடுத்துக்கொள்ளக்கூடும். முட்டை, மீன், இறைச்சிச் சாறு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி மறுக்கும் வாக்கியத்தைப் புறப்படும் முன்பே கற்றுவைத்திருக்க வேண்டும். பல வளாகங்களில் பன்றியிறைச்சி இல்லாத முஸ்லிம் உணவுக்கூடம் தனியே இருக்கும். குடிநீர் எங்கும் வெந்நீராகவே தரப்படும்.

ஏட்டு வேலைகள் சில. 180 நாள் வரையிலான படிப்புக்கு எக்ஸ்2 விசா போதும். ஒரு செமஸ்டருக்கு அதுவே வழக்கம். ஓராண்டு போன்ற நீண்ட படிப்புக்கு எக்ஸ்1. அதை வைத்திருப்பவர் நாட்டுக்குள் நுழைந்த 30 நாளுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். எந்த விசாவானாலும் வந்த 24 மணிநேரத்துக்குள் தங்குமிடத்தைக் காவல்துறையில் பதிவு செய்ய வேண்டும். விடுதியில் தங்கினால் விடுதி அலுவலகம் பார்த்துக்கொள்ளும். பணம் கைப்பேசி வழியாகவே புழங்குகிறது. அலிபே, வீசாட் செயலிகளில் இப்போது அயல்நாட்டு அட்டைகளை இணைத்துக்கொள்ளலாம். கூகுள், வாட்ஸ்அப், ஃபேஸ்புக் போன்றவை பெருநிலச் சீனாவில் தடுக்கப்பட்டவை; வீட்டாரோடு எதன் வழியாகப் பேசுவது என்பதைப் புறப்படுவதற்கு முன்பே முடிவு செய்துகொண்டால் முதல் வாரப் பதற்றம் குறையும்.

மனநிலை ஏறி இறங்கும். நார்வே ஆய்வாளர் ஸ்வெர்ரே லிஸ்கோர்ட், அமெரிக்கா சென்று திரும்பிய தம் நாட்டவரைப் பற்றி 1955இல் எழுதிய ஆய்வில், தொடக்கத்து உற்சாகம், நடுவில் சோர்வு, பிறகு மீட்சி என்ற வளைவை வரைந்தார். எல்லோருக்கும் அப்படியே நடப்பதில்லை என்று பின்வந்த ஆய்வுகள் திருத்தின. ஆனாலும் பருவத்தின் நடுப்பகுதி பலருக்குக் கடினமாகவே இருக்கிறது. புதுமை தீர்ந்திருக்கும், மொழி இன்னும் கைக்கு வந்திருக்காது, இடைத்தேர்வு நெருங்கும், குளிரும் இறங்கும். திட்டங்கள் நீண்ட பயணத்தை அந்த வாரங்களில் வைப்பது அனுபவத்தில் கண்ட மருந்து. சியான் நகரின் சுடுமண் படைவீரர்கள் வழக்கமான இலக்கு. தமிழ் மாணவருக்கு ரயிலில் தெற்கே இறங்கி, ஃபூஜியன் மாநிலத்துச் சுவான்ஜோவ் துறைமுகத்தைப் பார்ப்பது இன்னும் பொருத்தம். அங்கே 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அங்கிருந்த சிவன் கோவிலின் சிற்பத் தூண்களில் சில இன்றும் கையுவான் பௌத்தக் கோவிலில் நிற்கின்றன. தமிழ் வணிகர்களில் சிலராவது அங்கே சீனம் பேசிச் சரக்கு விற்றிருக்கக்கூடும்.

இந்தியக் கல்லூரிகளில் பருவத்தை அயல்நாட்டில் கழித்துக் கிரெடிட்டை மாற்றிக்கொள்ளும் வசதி இன்னும் பரவலாக இல்லை. ஆகவே பலர் சீன அரசின் உதவித்தொகை வழியாகவோ, சீன மொழித் துறை வைத்திருக்கும் பல்கலைக்கழகங்களின் உடன்பாடுகள் வழியாகவோ போகிறார்கள். சாந்திநிகேதனில் 1937இல் திறக்கப்பட்ட சீன பவனம் இந்தியாவின் மிகப் பழைய சீனக் கல்வி மையம். இலங்கையில் களனிப் பல்கலைக்கழகத்தின் கன்பூசியஸ் நிறுவனம் தொடக்கநிலை வகுப்புகளை நடத்துகிறது. தைவான் அரசின் ஹுவாயு உதவித்தொகை மொழிப் படிப்புக்கென்றே உள்ளது. 2020இல் நின்றுபோன இந்திய–சீன நேரடி விமானங்கள் 2025 அக்டோபரில் மீண்டும் பறக்கத் தொடங்கியதால் பயணச் செலவும் அலைச்சலும் குறைந்திருக்கின்றன. போவதற்கு முன் ஓராண்டாவது அடிப்படை படித்திருப்பது நல்லது. எழுத்தே தெரியாமல் போகிறவரின் செமஸ்டர் தொனியிலும் தொடக்கப் பாடத்திலும் கழிந்துவிடும். அடிப்படை உள்ளவர் அதே நேரத்தில் உரையாடலுக்குப் போய்விடுவார்.

திரும்பி வந்தபின் முதலில் மங்குவது எழுத்து. பேச்சின் சரளம் அதைவிட நாள்பட நிற்கும். அயல்நாட்டில் மொழி கற்போரைப் பற்றிய ஆய்வுகளும் இலக்கணத் துல்லியத்தைவிடச் சரளமே அங்கு அதிகம் வளர்கிறது என்று காட்டுகின்றன. ஆகவே ஊர் திரும்பிய பருவத்திலேயே வாசிப்பு வகுப்பு ஒன்றில் சேர்வதும், துணையாக இருந்த சீன நண்பரோடு வாரம் ஒருமுறை காணொளியில் பேசுவதும் பலன் தரும். ஹெச்.எஸ்.கே. என்ற சீன மொழித் தேர்வைப் பருவத்தின் கடைசி மாதத்தில் அங்கேயே எழுதிவிடுவது புத்திசாலித்தனம். அப்போதுதான் காது கூர்மையாக இருக்கும். அந்த மதிப்பெண் சீனப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு 2 ஆண்டு செல்லும். முதுகலைக்கு மீண்டும் சீனா போக நினைப்பவருக்கு, இளங்கலையை முடித்து விண்ணப்பம் போட அந்த அவகாசம் போதும்.